பசை அக்காவும் பாலத்து முளைகளும்

பசை அக்கா என்ற பெயர் அவளுக்கு வந்ததற்கு அவளுடைய கைகள்தான் காரணம். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் விரல் இடுக்குகளில் எப்பாக்ஸிப் பிசின் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் சில்லறையை நீட்டினால் நடத்துநர் விரலைப் பார்த்துவிட்டு, "பெயின்ட் வேலையாம்மா?" என்பார். "இல்லைங்க, ஒட்டற வேலை" என்பாள். அதற்குமேல் விளக்கப் போனால் இறங்கும் இடம் வந்துவிடும்.

அவள் வேலை பார்த்த பட்டறை தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனிக்கும் பழைய டயர் புதுப்பிக்கும் கடைக்கும் நடுவில் இருந்தது. வாசல் பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. உள்ளே போனால் குனிந்த தலை நிமிராமல் சிலர் கட்டைவிரல் பருமனுள்ள உலோகக் குப்பிகளைச் செய்துகொண்டிருப்பார்கள். அவற்றுக்குப் புரோப் என்று பெயர். தர்பூசணியைத் தட்டிப் பார்த்து உள்ளே எப்படி இருக்கும் என்று கணிக்கிறோம் அல்லவா, அதே வேலையை இரும்புக்குச் செய்வது அது. இரும்பின்மேல் கொஞ்சம் ஜெல் தடவி அதை வைத்து அழுத்தினால், காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பும். உள்ளே விரிசல் இருந்தால் ஒலி அங்கே மோதித் திரும்பும். திரும்பியது கருவியின் திரையில் ஒரு முள்ளாக எழும்பும். முள் எழும் இடத்தை வைத்து விரிசல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். வெட்ட வேண்டாம், உடைக்க வேண்டாம்.

எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்துவிட்டு அங்கே சேர்ந்தபோது அவளுக்குக் கொடுத்தது அட்டைப்பெட்டி கட்டும் வேலை. பழுதாகித் திரும்பி வரும் புரோப்களைச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்துப் பார்ப்பது அவள் வழக்கம். ஒருநாள் முதலாளி பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் ஒரு மேஜையும் சாலிடரிங் கம்பியும் கொடுத்து, "இனிமே இங்கேயே உட்கார்ந்து பிரி. ஆனா பிரிச்சதை ஒட்டவும் செய்யணும்" என்றார். அன்றிலிருந்து அந்த மேஜையை விட்டு அவள் எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம். கல்யாணமானது, மகள் பிறந்து வளர்ந்து வேறு ஊருக்குப் படிக்கப் போனது, தலையில் நரை விழுந்தது எல்லாம் அந்த மேஜை இருக்கும்போதே நடந்தவை.

கணவர் வேன் ஓட்டினார். ஆற்றுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்வரும் வேன். ஆற்றின் குறுக்கே இருந்த இரும்புப் பாலம்தான் அவருடைய பிழைப்பு. பாலம் முடியும் இடத்தில் அவருடைய தங்கை ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். பேனா, ஃபைல், போன் ரீசார்ஜ் என்று அங்கே கிடைக்காதது இல்லை. அண்ணியும் நாத்தனாரும் நன்றாகவே பழகினார்கள். ஒருவர் வாயை ஒருவர் பிடுங்கிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த நிலையில்தான் பாலத்து இன்ஜினியர் பட்டறைக்கு வந்தாள். பாலங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் துறையில் இருப்பவள். முப்பது வயதிருக்கும், முழங்கைவரை கிரீஸ் கறை. வந்ததும் கைப்பையிலிருந்து இவர்களுடைய புரோப் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"உங்க புரோப்பைக் குறை சொல்ல வரலை. நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு எது வேணுமோ அதை மட்டும் காட்ட மாட்டேங்குது."

விஷயம் இதுதான். பாலத்தின் நடுப்பகுதி தடித்த இரும்பு முளைகளில் தொங்குகிறது. ஒவ்வொரு முளையும் தொடை பருமன். இரண்டு முனைகளும் நட்டு மாட்டுவதற்காக ஒல்லியாகக் கடையப்பட்டிருக்கும். ஒல்லியான பகுதியும் தடித்த பகுதியும் சேரும் படிக்கட்டு போன்ற இடத்தைத் தோள் என்பார்கள். முளையின் உடம்பு முழுக்கத் தகடுகளுக்குள் மறைந்திருக்கும். வெளியே தெரிவது முனையின் வட்டம் மட்டும். அங்கே புரோப்பை வைத்தால் ஒலி நீளவாக்கில் ஓடி, மறுகோடித் தோளில் மோதிப் பெரிய முள்ளாகத் திரும்பும். தகடுகள் உரசி விரிசல் விழக்கூடிய இடமும் தோளுக்குப் பக்கத்தில்தான். விரிசலின் சிறிய முள் தோளின் பெரிய முள்ளுக்குள் முழுகிப்போகிறது.

"மணி அடிச்சு நின்ன பிறகும் ரீங்காரம் இழுத்துக்கிட்டே இருக்கும் பாருங்க, அது மாதிரி" என்றாள் பசை அக்கா. "உள்ளே ஒலி எழுப்பற கிரிஸ்டல் ஒரு தடவை அதிர்ந்துட்டு உடனே வாயை மூடணும். இது மூட மாட்டேங்குது. அதான் முள்ளு எல்லாம் அகலமா விழுது."

"மூட வைக்க முடியுமா அக்கா?"

"பார்க்கலாம் மேடம்."

கிரிஸ்டலின் அதிர்வை அடக்குவது அதன் முதுகில் ஒட்டும் கலவை. டங்ஸ்டன் என்னும் கனமான உலோகத்தின் பொடியைப் பிசினில் குழைத்து வைப்பார்கள். பொடி அதிகமானால் கலவை உதிர்ந்துவிடும். குறைந்தால் அதிர்வு அடங்காது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழி ஒன்று தங்கிவிட்டால் போதும், மொத்த வேலையும் பாழ். அவள் கலந்தாள், அழுத்தினாள், சூடாக்கினாள், அறுத்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டாள். குப்பைக் கூடையைக் காலி செய்யும் பையன்கள் கனம் தாங்காமல் முனகினார்கள். வீட்டில் தோசைக்கல்லைப் பார்த்தால்கூட இதில் குமிழி இருக்குமோ என்று தோன்றியது.

"உனக்கும் எனக்கும் நடுவுல அந்தப் பொடி வந்து உட்கார்ந்திருக்கு" என்றார் கணவர்.

"பொறாமையா?"

"ஆமா. அதைத் தடவற மாதிரி என் தலையை என்னைக்காவது தடவியிருக்கியா?"

கடைசியில் கலவை கைக்கு வந்தது. அதோடு அவள் நிற்கவில்லை. கிரிஸ்டலையும் மாற்றினாள். ஒலி அகல விரிந்து போகாமல், டார்ச்சைக் குவித்தது போல ஒடுங்கி நேராக ஓடும்படி செய்தாள். பழைய முளை ஒன்றில் மறுகோடித் தோளை ஒட்டி ரம்பத்தால் மெல்லிய வெட்டுப் போட்டு, புது புரோப்பை வைத்துப் பார்த்தாள். திரையில் இரண்டு முட்கள், ஊசி ஊசியாக, நடுவில் வெள்ளையாக இடைவெளி விட்டு நின்றன. பட்டறையில் எல்லோரும் மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். விலைப்பட்டியலில் புது புரோப்புக்குத் தனி இடம் கிடைத்தது. துறைமுகம், கிரேன் கம்பெனி, தனியாகச் சான்று கொடுக்கும் ஆய்வாளர்கள் என்று வாங்க ஆள் வந்தார்கள். அவள் வாழ்க்கையில் அதுபோல மனசு நிறைந்த நாட்கள் அதிகம் கிடையாது.

பாலத்துச் சோதனைக்கு இன்ஜினியர் அவளையும் கூப்பிட்டாள். தூக்குக் கூண்டில் ஏறி இருவரும் பாலத்தின் அடியில் தொங்கினார்கள். கீழே ஆறு கலங்கிப் போய்க்கொண்டிருந்தது. தலைக்குமேல் லாரி போகும்போதெல்லாம் கூண்டு ஒரு குலுக்குக் குலுக்கும். அவள் கம்பியைப் பிடித்த பிடி தளரவில்லை. இன்ஜினியர் புரோப்பை வைப்பாள், இருவரும் திரையைப் பார்ப்பார்கள், அடுத்த முளைக்கு நகர்வார்கள். ஒவ்வொரு முளையையும் இரண்டு முனைகளிலிருந்தும் பார்த்தார்கள். ஒரு முளைக்கு மட்டும் அது முடியவில்லை. அதன் ஒரு முனையை மறைத்துக்கொண்டு ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய குழாய் ஓடியது.

இன்ஜினியர் குழாயைத் தட்டிப் பார்த்தாள். "இதைக் கழட்டணும்னா தண்ணியை நிறுத்தணும். எழுதிக் கேட்டு, அவங்க வந்து... இந்த ஒரு பக்கம் பார்த்தது போதுமா அக்கா? என்ன சொல்றீங்க?"

திரையில் அந்த முளையின் கோடு பளிச்சென்று இருந்தது. மறுகோடித் தோள் ஒற்றை முள்ளாக நின்றது. அழுக்கு இல்லை, சந்தேகம் இல்லை.

"போதும் மேடம். கடைசி வரைக்கும் கண்ணாடி மாதிரி தெரியுதே."

இன்ஜினியர் தலையாட்டினாள். கூண்டு நகர்ந்தது. அடுத்த தூணுக்குப் பக்கத்திலிருந்த முளையில்தான் அது வந்தது. தோளின் முள்ளுக்குப் பக்கத்தில் இன்னொரு முள். துடைத்துவிட்டு வைத்தார்கள். மறுபடி வந்தது. புரோப்பை மாற்றி வைத்தார்கள். அப்போதும் வந்தது. இன்ஜினியர் போனை எடுத்தாள். அன்று மாலைக்குள் பாலத்தின் இரண்டு வாயிலிலும் தடுப்பு வைத்துவிட்டார்கள்.

ஊர் இரண்டாகப் பிரிந்துபோனது. அக்கரைக்குப் போக மலையடிவாரம் வரை சுற்றிக்கொண்டு போகவேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் படகுக்கு அடித்துக்கொண்டார்கள். வேனில் ஏறும் கூட்டம் கரைந்தது. கணவர் காலையில் வண்டியைத் துடைத்து வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். அவர் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

நாத்தனார் சொன்னாள். ஜெராக்ஸ் கடை முன்னால் ஈ காக்கை இல்லை. மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றாள்.

"அண்ணி, ஊரே கேட்குது. இத்தனை வருஷமா லாரி போச்சு, பஸ் போச்சு, ஒண்ணும் ஆகலை. உங்க பொட்டியை வச்சதும் பாலம் கெட்டுப்போச்சா?"

"வச்சதால கெடலைம்மா. கெட்டது வச்சதால தெரிஞ்சுது."

"தெரியாமலே இருந்திருக்கலாம். உங்களைப் பத்தி என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? எல்லாத்தையும் ஒட்டற பசை, ஊரை மட்டும் பிரிச்சுடுச்சாம்."

வேறு நேரமாக இருந்தால் அண்ணியே அந்தக் கிண்டலுக்கு முதலில் சிரித்திருப்பாள்.

முளையைப் பிடுங்கும் வேலை ஆரம்பித்தது. பாலத்துக்கு அடியில் தற்காலிகத் தூண் முட்டுக் கொடுத்து, தகடுகளைத் தளர்த்தி, சந்தேகத்துக்குரிய முளையை வெளியே இழுத்தார்கள். வேடிக்கை பார்க்கக் கரையில் கூட்டம். பசை அக்கா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். முளையைத் துடைத்து, விரிசல் இருந்தால் கோடாகக் காட்டிவிடும் மைதா போன்ற ஒரு வெள்ளைப் பொடியைத் தெளித்துப் பார்த்தார்கள். விரிசல் இல்லை. தண்ணீர் இறங்கித் துருப்பிடித்து, தகடு உரசி உரசி, வளையல் போட்டது மாதிரி ஒரு பள்ளம் தேய்ந்திருந்தது. அவ்வளவுதான்.

"இதுவும் நல்லதில்லை அக்கா" என்றாள் இன்ஜினியர். "ஆனா இதுக்காகப் பாலத்தை முழுசா மூட வேண்டியதில்லை. சின்ன வண்டியையாவது விட்டிருக்கலாம்."

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். யாரோ, "வளையல் கண்டுபிடிச்சிருக்காங்கப்பா!" என்றார்கள். முதலாளி காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் வீட்டுக்கு நடந்தே போனாள். எதிரில் வந்த தெரிந்த முகங்கள் கடைகளின் விலைப்பலகையைப் படிக்க ஆரம்பித்தன.

முட்டுக் கொடுத்ததுதான் கொடுத்தோம், பாக்கியையும் எடுத்துப் புதிதாகவே மாட்டிவிடலாம் என்று துறை முடிவு செய்தது. ஒவ்வொன்றாக வந்தது. பசை அக்கா தினமும் கரையில் ஓரமாக நின்று பார்த்தாள். குழாய் மறைத்திருந்த முளையை இழுத்தபோது அது பாதி தூரம் வந்து நின்றது. சங்கிலியை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்கள். மெதுவாகப் பட் என்று ஒரு சத்தம் கேட்டது. கையில் வந்தது ஒரு முனை இல்லாத முளை. உடைந்த முகத்தில் ஓரம் சுற்றிலும் பெரும்பகுதி கறுத்துத் துரு ஏறியிருந்தது. பழைய விரிசல். வெள்ளி மாதிரி மின்னிய புது உடைசல் நடுவில் ஒரு வட்டம் அளவுக்குத்தான். பாலத்தின் அந்த மூலை அத்தனை நாளும் அந்த வட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

 கரையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

ஒரே நாளில் காற்று திசை மாறிவிட்டது. செய்தித்தாளில் அவள் படம் வந்தது. பாலத்தை மூட வைத்து ஊரைக் காப்பாற்றியவள் என்று எழுதினார்கள். நாத்தனார் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினாள். வீட்டுக்கு வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்க அண்ணன் தினம் போய்ட்டு வந்த பாலம் அண்ணி. நான் என்னென்னமோ பேசிட்டேன்." முதலாளியின் போன் ஓயவில்லை. புது புரோப்புக்கு எங்கிருந்தெல்லாமோ ஆள் கேட்டார்கள்.

அவள் மட்டும் அந்தச் செய்தித்தாளைத் தொடவில்லை.  பிடுங்க வைத்தது எந்த முளை, உடைந்தது எந்த முளை என்று ஊருக்குக் குழப்பமாக இருக்கலாம். அவளுக்கு இல்லை. உடைந்ததைப் பார்த்துக் கண்ணாடி மாதிரி தெரிகிறது என்று சொன்னது அவள் வாய்.

இன்ஜினியரிடம் கேட்டு உடைந்த முளையின் பெரிய துண்டையும், வேறொரு பாலத்தில் எப்போதோ கழற்றி வைத்திருந்த, அதே விரிசல் ஆரம்ப நிலையில் இருந்த முளை ஒன்றையும் பட்டறைக்கு வரவழைத்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து சோதித்தார்கள். முழுசாக இருந்த முளையின் முனையில், விரிசலுக்குப் பக்கத்து முனையில், புது புரோப்பை வைத்தாள். கோடு சுத்தமாக ஓடியது. கண்ணுக்கு எதிரே விரிசல் இருக்கிறது, விரலால் தடவினால் நகம் மாட்டுகிறது. திரை ஒன்றுமில்லை என்கிறது.

பிறகு மூலையில் கிடந்த பழைய புரோப்பை எடுத்து வைத்தாள். அதே அகலமான, அழுக்கான முட்கள். ஆனால் விரிசல் இருக்கவேண்டிய இடத்தில் கோடு லேசாகப் புடைத்தது. புரோப்பை எடுத்தாள், வைத்தாள். புடைத்தது.

இன்ஜினியர் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எப்படி அக்கா?"

அவளுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. ஒல்லியான முனையிலிருந்து ஒலி தடித்த உடம்புக்குள் நுழைகிறது. நுழைந்த உடனே இருக்கும் தோளின் பின்புறம், ஓரம் முழுக்க நிழல். வாசலில் நின்று அறைக்குள் டார்ச் அடித்தால் எதிர்ச் சுவர் தெரியும், வாசலை ஒட்டிய மூலை தெரியாது. பழைய புரோப்பின் ஒலி அகல விரிவது. அதில் கொஞ்சம் சிதறி அந்த மூலைக்கும் போயிருக்கிறது. இவள் ஒலியைக் குவித்தாள். தூரத்தைத் தெளிவாக்கினாள். மூலையை இருட்டாக்கிவிட்டாள். ரம்பத்தால் வெட்டுப் போட்டுச் சோதித்ததும் மறுகோடியில்தான். பக்கத்து ஓரத்தில் ஒரு வெட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ரெண்டு பக்கமும் பார்த்திருந்தா மாட்டியிருக்கும்" என்றாள் இன்ஜினியர். "ஒரு பக்கம் போதுமான்னு கேட்டது நான். கையெழுத்துப் போட்டதும் நான்."

"சொன்னது நான் மேடம்."

"சரி, ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம்" என்றாள் இன்ஜினியர். சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை.

பசை அக்கா நேரே முதலாளியின் அறைக்குப் போனாள். புது புரோப்பை வாங்கிய எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்றாள். இதை மட்டும் நம்பி ஒரு பக்கத்திலிருந்து பார்த்துச் சான்று கொடுத்திருந்தால் மறுபடி பார்க்கவேண்டும், சாய்வாக ஒலி அனுப்பும் புரோப்பையும் வைத்துப் பார்க்கவேண்டும் என்றாள்.

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பட்டறை அவருக்குப் பிள்ளை மாதிரி. "ஏம்மா, இப்பதான் நாலு பேர் நம்ம பேரைச் சொல்றான். ஊரைக் காப்பாத்தினது நம்ம புரோப்னு பேப்பர்ல போட்டிருக்கான். நீயே போய் அது குருடுன்னு சொல்லப் போறியா?"

"குருடு இல்லை சார். ஒரு கண்ணு தெரியாது. அதை வாங்கினவங்களுக்குத் தெரியணும்ல?"

"நல்லா இருக்கற பொருளைக் குறை சொல்லி யாராவது வித்திருக்காங்களா? அடுத்த தடவை பண்றதுல சரி பண்ணிடலாம். இப்ப வாயை மூடிக்கிட்டு இரு."

"அந்த முளை உடைஞ்ச சத்தத்தை நீங்க கேட்கலை சார். அன்னைக்கு நீங்க கரைக்கு வரலை."

அவர் முகம் சிவந்தது. வெளியே போ என்று கையைக் காட்டினார். அவள் போகவில்லை. நின்றாள்.  கடைசியில் அவர் போனை மேஜைமேல் அவள் பக்கமாகத் தள்ளினார். "நீயே பேசு. என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவளே பேசினாள். துறைமுகத்துக்காரர் நன்றி சொன்னார். கிரேன் கம்பெனிக்காரர், "இதை விக்கும்போதே சொல்றதுக்கு என்ன கேடு?" என்று காது கூசும்படி கேட்டார். அவள் கேட்டுக்கொண்டாள். சிலர் புரோப்பைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு ஆய்வாளர் மட்டும், தான் அதை வைத்து ஒரே ஒரு வேலைதான் செய்ததாகச் சொன்னார். ஊர் ஊராகப் போகும் பொருட்காட்சியில் இருக்கும் ராட்சத ராட்டினம். அதன் அச்சை ஒரு பக்கத்திலிருந்து பார்த்துச் சான்று கொடுத்துவிட்டார். இப்போது அது எந்த ஊரில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவர்கள் போன் நம்பரும் மாறிவிட்டது.

வீட்டில் சொன்னபோது கணவர் வேன் சாவியை எடுத்தார். "பாலம் திறக்கற வரைக்கும் வண்டி சும்மாதானே நிக்குது. வா, தேடலாம்."

இன்ஜினியரும் சேர்ந்துகொண்டாள். சாய்வு புரோப், கருவி, ஜெல் பாட்டில் எல்லாம் பின் சீட்டில் ஏறின. சுவரொட்டி பார்த்து, பெட்ரோல் பங்கில் கேட்டு, இரண்டு ஊரில் ஏமாந்து, மூன்றாவதாக ஒரு மைதானத்தில் ராட்டினத்தைக் கண்டுபிடித்தார்கள். மாலை வெயிலில் அது சுற்றிக்கொண்டிருந்தது. உச்சியில் யாரோ சந்தோஷமாக அலறினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவள் வேனிலிருந்து இறங்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். கணவர் வந்து கதவைத் திறந்துவிட்டார்.

ராட்டினக்காரர் பெல்ட்டில் சாவிக்கொத்துத் தொங்க, பீப்பாய் மாதிரி இருந்தார். சான்றிதழை எடுத்துக் காட்டினார். "கையெழுத்து இருக்கு, சீல் இருக்கு. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"அந்தக் கையெழுத்து போடறதுக்கு வச்சுப் பார்த்த பொருள் நான் செஞ்சதுங்க" என்றாள். "அதுல ஒரு குறை இருக்கு. கொஞ்சம் நிறுத்துங்க. பார்த்துட்டுப் போயிடறோம்."

"கூட்டம் வர்ற நேரத்துல நிறுத்தச் சொல்றியே, நியாயமா?"

"நியாயம் இல்லைதாங்க. ஆனா நிறுத்துங்க."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். இன்ஜினியர் தன் அடையாள அட்டையை எடுக்கப் போனாள். அதற்குள் அவர் திரும்பி மோட்டார் ஆளிடம் கையைத் தூக்கினார். தொட்டில்கள் ஒவ்வொன்றாக இறங்கி ஆட்களைக் கொட்டின. வரிசையில் நின்றவர்கள் திட்டினார்கள். இன்ஜினியர் ஏணியில் ஏற, இவள் கீழே கருவியைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். நேராக ஒரு தடவை, சாய்த்து ஒரு தடவை, அச்சைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு பக்கத்திலும். இரண்டு முனைகளிலிருந்தும். முள் எதுவும் எழவில்லை. இன்ஜினியர் இறங்கி வந்து, "சுத்தமா இருக்கு" என்றாள்.

"இதைச் சொல்றதுக்கா என் சாயங்காலத்தைக் கெடுத்தீங்க?" என்றார் ராட்டினக்காரர்.  ஏணியைத் தானே மடக்கி வைத்தார்.

திரும்பும் வழியில் இன்ஜினியர் பின் சீட்டில் தூங்கிவிட்டாள். ஒன்றுமில்லை என்று தெரிந்த நிம்மதி தனக்கு ஏன் வரவில்லை என்று பசை அக்கா யோசித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எத்தனை இடத்துல இப்படி இருக்குமோங்க" என்றாள்.

"இருக்கும்" என்றார் கணவர். "நீ செஞ்சதைத்தான் நீ பார்க்க முடியும். மத்ததுக்கெல்லாம் நீ பொறுப்பேத்துக்கிட்டா வேன் தாங்காது."

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். அவர் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து அவள் முழங்கைமேல் வைத்துவிட்டு, வளைவு வந்ததும் எடுத்துக்கொண்டார்.

பாலம் புது முளைகளோடு திறந்தது. வேன் ஓடுகிறது. ஜெராக்ஸ் கடையில் கூட்டம் பழையபடி. செய்தித்தாளின் நகல் கண்ணாடியில் வெளுத்துப்போய் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதைக் கிழித்துவிடச் சொல்லி நாத்தனாரிடம் பலமுறை கேட்டுவிட்டாள். நாத்தனார் கேட்பதாக இல்லை. "உங்களுக்குத்தான் அண்ணி பெருமையே பிடிக்காது" என்பாள். உடைந்த முளை எது என்று ஆரம்பத்திலிருந்து விளக்குவாள் அண்ணி. "சரி சரி, எப்படியோ காப்பாத்தினீங்கல்ல?" என்று நாத்தனார் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுவாள்.

பட்டறைக்குக் கொஞ்ச காலம் வேலை குறைந்தது. இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதில் ஒருத்தி இவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். பசை அக்கா பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றின்மேல் கிரிஸ்டலைச் சாய்த்து ஒட்டி, தோளின் ஓரத்தையே தேடிப் போகும் புரோப் ஒன்றைச் செய்தாள். இப்போது நேரானதையும் சாய்ந்ததையும் ஒரே பெட்டியில் வைத்துத்தான் விற்கிறார்கள். கூடவே ஒரு சின்ன இரும்புத் துண்டு, பக்கத்து ஓரத்தில் ஒரு வெட்டு, தூரத்து ஓரத்தில் ஒரு வெட்டு. வாங்குகிறவர்கள் முதலில் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகவேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். இந்தத் துண்டால் பெட்டி கனமாகிறது, அனுப்புகிற செலவு ஏறுகிறது என்று முதலாளி முணுமுணுக்காத வாரம் இல்லை. அவள் உம் கொட்டிக்கொண்டே அடுத்த துண்டைப் பிடியில் இறுக்கி, ஓரத்தில் ரம்பத்தை வைக்கிறாள்.